பொலென்டாவுக்கு எந்த மா: இத்தாலியப் பொதியா, படுவான்கரைச் சோளனா?

களுவாஞ்சிக்குடியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் கடந்த மூன்று மாதங்களில் ஒன்பது முறை பொலென்டா கிண்டியிருக்கிறேன். முதல் இரண்டு முறை இத்தாலியிலிருந்து வந்த இரண்டு பொதிகளைக் கொண்டும், ஒருமுறை கடையில் தந்த தவறான மாவைக் கொண்டும், எஞ்சிய ஆறு முறை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் விளைந்த சோளனை மில்லில் உடைப்பித்தும் செய்து பார்த்தேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு, பாலாடை போல இளகி, கரண்டியிலிருந்து மெல்ல வழிந்து தட்டில் பரவும் பொலென்டாவை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர் எந்த மாவுக்குக் காசு கொடுக்கலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடனடிப் பொதிக்குக் கொடுக்கும் காசு வீண், மில்லில் உடைத்த சோளன் தாராளமாகப் போதும், மிச்சப்படும் காசைப் பாற்கட்டிக்குச் செலவிடுங்கள்.

பொலென்டா என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு 'இத்தாலிக்காரரின் சோளன் களி' என்று சொன்னால் பாதி விளங்கிவிடும். உழுத்தங்களியைப் போல உருட்டக்கூடியதாக இறுக்கியும் அதைக் கிண்டுவார்கள், கூழுக்கும் களிக்கும் இடைப்பட்ட பதத்தில் இளக்கியும் விடுவார்கள். நான் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளன் ஐரோப்பாவுக்கு வருவதற்கு முன்னரே இத்தாலியில் வாற்கோதுமை, பழைய கோதுமை வகைகள், தினை, செஸ்நட் மா முதலியவற்றில் இத்தகைய களி கிண்டப்பட்டது. பொலென்டா என்ற சொல்லே இலத்தீன் மொழியில் வாற்கோதுமை மாவைக் குறித்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட வயல்களில் சோளன் பரவிய பிறகு வெனெட்டோ, லொம்பார்டி, ஃபிரியூலி, பியட்மொன்ட் ஆகிய வடபகுதிகளில் அது ஏழைகளின் அன்றாட உணவாக நிலைத்துவிட்டது. தெற்கே அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. இருபது வருடங்களாகப் பலெர்மோவில் வசிக்கும் என் மச்சாளிடம் ஒரு பொதி அனுப்பும்படி கேட்டபோது அவள் தொலைபேசியிலேயே சிரித்தாள். "இஞ்ச ஆரும் இதத் தேடித் தின்றல்ல மச்சாள், இது வடக்கால ஆக்கள்ர சாப்பாடு" என்றாள். தென்னித்தாலியர் வடக்கத்தையாரை 'பொலென்டோனி', அதாவது பொலென்டாத் தின்னிகள் என்று பகடி செய்வது வழக்கம் என்பதால், சிசிலியில் குடியேறிய அவளுக்கும் அந்தப் பகடி தொற்றியிருக்கிறது போலும். இருந்தாலும் ஒலிவ் எண்ணெய்ப் போத்தலுக்கும் கோப்பித் தூளுக்கும் நடுவே இரண்டு அரைக் கிலோப் பொதிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒன்று ஐந்து நிமிடத்தில் வேகும் உடனடி வகை. மற்றையது முக்கால் மணித்தியாலம் கிண்டவேண்டிய பருவெட்டு வகை.

உடனடி வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உலர்த்திவிடுவதால், கொதிநீரில் தூவிய மாத்திரத்தில் தண்ணீரைக் குடித்து இறுகிவிடும். கட்டி விழாமல் கிண்டத் தெரிந்தவருக்கு மூன்று நிமிடமே போதும். ஆனால் வாயில் வைத்தால் உருளைக்கிழங்கு மசியலுக்கு மஞ்சள் நிறம் ஊட்டியது போன்ற ஒரு வழுவழுப்புத்தான் மிஞ்சுகிறது. சோளன் அவியும்போது எழும் அந்த இனிய மணம் மருந்துக்கும் இல்லை. வெண்ணெயையும் பாற்கட்டியையும் வழமையை விடக் கூட்டிப் போட்டும் அந்த வெறுமை மறையவில்லை. இதே வகைப் பொதியைப் பின்னர் கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் 1,650 ரூபாவுக்குக் கண்டேன். வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு வந்து ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைக்கவேண்டியவர்கள் ஒரு பொதியை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். வேறெதற்காகவும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பருவெட்டு வகையின் கதை வேறு. இத்தாலியில் பருமனாக உடைத்த சோளனை 'பிரமாத்தா' என்றும், மெல்லியதாக அரைத்ததை 'ஃபியோரெத்தோ' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். எங்களுடைய அரிசிக் குறுணலை விடச் சற்று நொய்ந்த பருமனில், கண்ணாடித் துகள் போல மின்னும் மஞ்சள் மணிகளாக அந்தப் பிரமாத்தா இருந்தது. மணி மணியாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று. கடினமான வெளிப்பகுதியைக் கொண்ட சோளன் வகைகளை உடைத்தால்தான் இப்படிப் பருக்கை நிற்கும். அந்தப் பருக்கைகள் மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, தம்மைச் சுற்றியுள்ள நீரையும் மாப்பசையால் தடிப்பாக்கும்போது, நாக்கில் வழுவழுப்பும் சிறு மணிகளின் உணர்வும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஐம்பது நிமிடம் நின்று கிண்டி முடித்த அந்த முதல் சட்டியைச் சாப்பிட்டபோதுதான் நான் உண்மையில் எதைத் தேடுகிறேன் என்பது எனக்கே விளங்கியது. ஆனால் அந்தப் பொதி இரண்டு சமையலுக்குமேல் வராது. இங்கே கடைகளில் அது கண்ணில் படவும் இல்லை.

ஊரில் மாற்று வழி தேடியபோது ஏற்பட்ட ஒரு தவறை இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் புதிதாகச் செய்யத் தொடங்கும் பெரும்பாலானோர் இதே குழியில் விழுவார்கள். நகரத்துக் கடை ஒன்றில் 'சோளன் மா இருக்கிறதா' என்று கேட்டேன். கடைக்காரர் தயக்கமின்றி ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். கடை நிறையச் சனம் நின்றதால் நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் சுண்ணாம்புத் தூளைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. இலங்கையில் 'கோர்ன் ஃப்ளவர்' என்று பெயரிட்டு விற்கப்படுவது சோளனிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாப்பொருள். சூப்பைத் தடிப்பாக்கவும் கஸ்டர்ட் செய்யவும் அது உதவும், பொலென்டாவுக்கு உதவாது. பிடிவாதமாக அதையும் ஒரு முறை கிண்டிப் பார்த்தேன். கொதி வருவதற்குள்ளேயே சுவரொட்டி ஒட்டும் பசை போலாகிவிட்டது. பிள்ளைகள் பாடசாலை ஒப்படைக்குக் காகிதம் ஒட்டத்தான் அது பயன்பட்டது. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல் உள்ளே இருப்பது மஞ்சளாகவும் மணியாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி என் மனதுக்குப் பிடித்த மூன்றாவது வழிக்கு வருகிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்திலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் பெரும்போகத்தில் சோளன் செய்கை பண்ணப்படுகிறது. அறுவடை முடிந்த மாதங்களில் காய்ந்த மணி மலிவாகக் கிடைக்கும். 2018ஆம் ஆண்டின் இறுதியில் சேனா படைப்புழு நாட்டுக்குள் புகுந்து சோளன் சேனைகளைத் தின்றழித்த பிறகு விலை ஏறி இறங்குவது வழமையாகிவிட்டது. நான் வாங்கிய அன்று கிலோ 220 ரூபா; உடைக்கும் கூலி 40 ரூபா. மணியை வாங்கும்போது கையில் அள்ளி முகர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சண மணம் சிறிதளவு இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஈரம் காயாமல் அடைத்த சோளனில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. கறுத்த மணி, பச்சை படர்ந்த மணி, வண்டு குத்திய மணி எல்லாவற்றையும் சுளகில் பரப்பிப் பொறுக்கி எறிய வேண்டும். விதைக்கென்று நிறமூட்டி மருந்து பூசி வரும் சோளனை மனிதருக்கோ கோழிக்கோ உணவாக எடுக்கவே கூடாது. விவசாயக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, பட்டணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மில்லில் பையை நீட்டியபோது மில்லுக்காரர் கேட்ட முதற் கேள்வி, "கோழிக்கா டீச்சர்?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் விளையும் சோளனில் பெரும்பகுதி கோழித் தீனிக்குத்தான் போகிறது. மனிதர் உண்பது தெருவோரத்தில் அவித்து விற்கும் பொத்தியும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திரிபோஷாவும், அதுபோன்ற சிலவும்தான். "மனிசருக்குத்தான் தம்பி, மாவா அரைக்க வேணாம், ரவையவிடக் கொஞ்சம் பருசா உடைச்சுத் தாங்க" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இயந்திரத்தின் திருகைத் தளர்த்தினார். முதல் தடவை கொண்டுவந்த குறுணலில் செய்த பொலென்டா தொண்டையில் எரிந்தது. எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. அதன் பிறகு காலையில் மில் திறந்ததும், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மா அரைப்பவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டேன். அரிசி மா கொஞ்சம் கலந்தால் கேடில்லை.

உடைத்து வந்ததை அப்படியே சட்டியில் போட முடியாது. மணியின் தோல் மெல்லிய செதில்களாகக் கலந்திருக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது மெத்தென்று ஆகாது, பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். முதலில் அரிதட்டில் அரித்து நொய்ந்த மாவை வேறாக்கினேன். பிறகு மாமி சுளகை வாங்கிக்கொண்டார். இரண்டு கைகளாலும் பிடித்து மேலே எறிந்து, சற்றே சாய்த்து, விரல் நுனியால் சுளகின் ஓரத்தைத் தட்டத் தட்ட, செதில்கள் முன்னால் ஓடி விளிம்பைத் தாண்டி விழுந்தன. பருக்கைகள் பின்னால் அவருடைய மடிப்பக்கம் தங்கின. பத்து நிமிடத்தில் அந்த மஞ்சள் குவியல் மச்சாள் அனுப்பிய பிரமாத்தாவோடு ஒப்பிடக்கூடிய அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. நான் முயன்றபோது பாதிப் பருக்கையும் செதிலோடு முற்றத்துக்குப் போனது. ஒரு கிலோ மணியில் ஏறத்தாழ 620 கிராம் நல்ல குறுணலும் 300 கிராம் மாவும் கிடைத்தன. மாவை ரொட்டிக்குக் கோதுமை மாவோடு கலந்துகொள்ளலாம், செதில் கோழிக்கு. மில்லுக்காரரின் கேள்விக்கு அந்த அளவில் விடை கிடைத்துவிட்டது.

இந்தக் குறுணலில் ஒரு குறை உண்டு. பொதியில் வரும் மாவில் சோளனின் முளைப்பகுதியை நீக்கிவிடுகிறார்கள். மில்லில் உடைத்ததில் அது இருக்கிறது. எண்ணெய்ப்பசை நிறைந்த அந்த முளையால் மணமும் இனிப்பும் கூடுகின்றன, ஆனால் எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று வாரத்திலேயே காறல் மணம் பிடித்துவிடும். ஒரு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் உடைப்பிக்காதீர்கள். இறுக மூடிய போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இப்போது கிண்டும் முறை. இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் 200 கிராம் குறுணல், ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. இறுக்கமான களியாக வெட்டி எடுக்க வேண்டுமானால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும்; இளகிய பதத்துக்கு நான்கிலிருந்து ஐந்து பங்கு வேண்டும். எங்கள் குறுணல் அதற்கு மேலும் 200 மில்லிலீற்றர் வரை குடித்தது. ஆகவே பக்கத்து அடுப்பில் கேத்தலில் கொதிநீர் தயாராக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரை இடையில் ஊற்றினால் கொதி அடங்கி நேரம் நீளும். இத்தாலியர் உள்ளே ஈயம் பூசாத செப்புச் சட்டியில் கிண்டுவது மரபு, அதைப் 'பாயோலோ' என்பார்கள். என்னிடம் அது இல்லை. அடி கனத்த எவர்சில்வர் சட்டியும் களி கிண்டும் மரத் துடுப்பும் போதுமாக இருந்தன. மெல்லிய அலுமினியச் சட்டியில் மட்டும் முயலாதீர்கள், பத்தாவது நிமிடத்திலேயே அடிப்பிடித்துவிடும்.

கொதிநீரில் மாவைத் தூவுவதை அவர்கள் 'மழை போல' என்று சொல்கிறார்கள்: ஒரு கையால் உயரத்திலிருந்து தூறலாக விட்டுக்கொண்டே மறு கையால் நிறுத்தாமல் கலக்க வேண்டும். சோளனின் மாப்பொருள் 62 முதல் 72 பாகை செல்சியசுக்குள் வீங்கிப் பசையாவதால், கொதிக்கும் நீரில் ஒரே இடத்தில் கொட்டிய மாவின் வெளிப்புறம் உடனே ஒட்டி மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் புகாமல் உலர்ந்த மா அப்படியே சிறைப்படும். அதுதான் கட்டி. தூறலாக விடக் கை பழகாதவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது: குறுணலைக் குளிர்ந்த நீரிலேயே கலந்து, அடுப்பில் வைத்துக் கொதி வரும்வரை கலக்குங்கள். ஒன்பதில் ஐந்து முறை இப்படித்தான் செய்தேன், ஒரு கட்டியும் விழவில்லை. மரபு பேசுகிறவர்கள் முகம் சுளிக்கலாம். தட்டில் வந்ததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொதி வந்ததும் தீயை ஆகக் குறைத்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் தண்ணீர் வேறு, மணல் வேறு என்று பிரிந்து கிடக்கும். இது சரிவராது என்று மனம் சோர்வது அப்போதுதான். பதினைந்தாவது நிமிடமளவில் இரண்டும் சேரத் தொடங்கும், ஆனால் மணம் இன்னும் பச்சையாக, திரிபோஷாவைத் தண்ணீரில் கரைத்தது போல இருக்கும். இருபத்தைந்துக்குப் பிறகு அந்தப் பச்சை வாசம் விலகி, தெருவோரத்தில் பொத்தி அவிக்கும் பெரிய சட்டியின் மூடியைத் திறந்தால் வரும் மணம் குசினியெங்கும் பரவும். கொதி இப்போது சேற்றில் குமிழி உடைவது போல 'பொக்' என்று வெடித்து வெடித்து வரும். ஒரு துளி மணிக்கட்டில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே நீளக் காம்புள்ள துடுப்பு அவசியம். ஒவ்வொரு கணமும் கிண்டத் தேவையில்லை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடி வரை சுரண்டிக் கிண்டி மூடி வைத்தால் போதும். நாற்பதாவது நிமிடத்தில் மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். அப்போது ஒரு பருக்கையை எடுத்து முன்பற்களால் கடித்துப் பாருங்கள். நடுவில் சோக்குத் துண்டு போல ஏதாவது தட்டுப்பட்டால் வெந்தது காணாது. கொதிநீர் ஒரு அகப்பை விட்டு இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். முன்கூட்டி ஊறவைக்காத எங்கள் குறுணலுக்கு ஒருபோதும் ஐம்பது நிமிடத்துக்குக் குறைவாக எடுத்ததில்லை.

அந்த ஐம்பது நிமிட காஸ் செலவு சிறியதன்று. 2022ஆம் ஆண்டில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற எவருக்கும் ஒரு களிக்காக இவ்வளவு நேரம் அடுப்பெரிக்கும் எண்ணம் வந்திருக்காது. இதற்கு இரண்டு வழிகளை முயன்று பார்த்தேன். குறுணலை முதல் நாள் இரவே அளந்த தண்ணீரில் ஊறவைத்து அதே தண்ணீரில் வேகவைத்தால் முப்பது நிமிடத்தில் பதம் வந்துவிடுகிறது, சுவையில் குறைவில்லை. இதுவே இப்போது எங்கள் வீட்டு வழமை. மற்றையது ரைஸ் குக்கர்: மூடியிலிருந்து மஞ்சள் குழம்பு பொங்கி மேசையெல்லாம் வழிந்தது, அடியும் பிடித்தது. வளவில் விறகடுப்பு உள்ளவர்கள் தணலில் வைத்துச் செய்தால் மெல்லிய புகை மணம் ஏறுகிறது. அதில் கிண்டியதுதான் ஆறில் ஆகச் சிறந்தது என்பது மாமியின் கருத்து, என்னுடையதும் அதுவே.

இளகிய பொலென்டாவின் பாலேட்டுத் தன்மை இறுதியில் சேர்க்கும் கொழுப்பிலிருந்து வருகிறது. அடுப்பை அணைத்த பிறகு 40 கிராம் பட்டரும் 50 கிராம் துருவிய பாற்கட்டியும் போட்டு, துடுப்பால் வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். இந்த இடத்தில்தான் உள்ளூர் மாற்று எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. முக்கோணத் துண்டுகளாக வரும் பதப்படுத்திய பாற்கட்டி உருகி நூல் நூலாக இழுபட்டது. உப்பு மட்டுமே மிஞ்சியது. ஆகக் குறைந்தது 12 மாதம் முதிர வைத்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் இத்தாலியப் பாற்கட்டியின் ஒரு சிறு துண்டு, குறுணலில் மிச்சம் பிடித்த காசு முழுவதையும் விழுங்கிவிடும், அதற்குக் கொடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பாற்கட்டியைத் திரட்டப் பயன்படுத்துவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட். எங்கள் மாவட்டங்களில் மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளும் உண்டு, ஹலால் பார்க்கும் வீடுகளும் உண்டு. விருந்தாளிக்குப் பரிமாறுமுன் அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. மரக்கறிக்காரருக்குத் தாவர ரெனட் என்று பொதியில் குறித்திருக்கும் வேறு முதிர்ந்த பாற்கட்டிகளைத் தேடலாம்.

பாற்கட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எருமைத் தயிரை முயன்றேன். மண்சட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்தால் தடித்த வெண்ணெய் போல வரும். பசும்பாலை விட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அந்தத் தடிப்பு. அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பிறகே அதைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் திரைந்துவிடும். மெல்லிய புளிப்போடு நன்றாகவே இருந்தது. தேங்காய்ப்பாலில் செய்ததும் நன்றாக இருந்தது. ஆனால் அது பொலென்டா இல்லை, பால்களி. பெயரை மாற்றிக்கொண்டு சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

கூட என்ன வைப்பது என்பதில் வெனிஸ் நகரத்தார் எங்களுக்கு மிகவும் நெருங்கியவர்களாக இருக்கிறார்கள். அவர்களும் வாவியோரத்து மக்கள். தங்கள் வாவியில் பிடிபடும் 'ஸ்கியே' என்னும் பொடி இறாலை அவித்தோ பொரித்தோ இளகிய வெள்ளைச் சோளன் பொலென்டாவின் மேல் குவித்துத் தருவது அவர்களுடைய பழைய உணவு. மட்டக்களப்பு வாவியின் சின்ன இறாலை வாங்கி, தோல் நீக்கி, உள்ளியும் கொஞ்சம் செத்தல் மிளகாயும் சேர்த்து ஒலிவ் எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி, எங்கள் மஞ்சள் பொலென்டாவின் மேல் எண்ணெயோடு கவிழ்த்தேன். சோளனின் இனிப்பும் இறாலின் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுத்தன. அதே பொலென்டாவில் இறால் குழம்பை ஊற்றியபோது புளியும் சரக்குத் தூளும் சோளனின் மணத்தை அடக்கிவிட்டன. குழம்பு வேண்டுமென்றால் சோற்றோடு சாப்பிடுங்கள். இதற்கு வதக்கல்தான் பொருந்தும். மரக்கறிக்காரருக்குக் காளானை வதக்கி வைக்கலாம், இத்தாலியரும் அப்படிச் செய்வதுண்டு.

சத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை, ஏனெனில் சோளன் நீரிழிவுக்கு நல்லதென்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உலவுகிறது. வெந்து குழைந்த பொலென்டா சோற்றைப் போலவே மாப்பொருள்; அளவோடு உண்ண வேண்டியதுதான். இன்னொன்று வரலாறு. வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் நெடுங்காலம் இதை மட்டுமே தின்று வாழ்ந்ததால் தோல் தடித்து வெடிக்கும் ஒரு கொடிய நோய் அங்கே பரவியது. 1771இல் மிலான் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃபிரப்பொல்லி அதற்கு 'பெலாக்ரா' என்ற பெயரைப் பதிவு செய்தார். நியாசின் என்ற விற்றமின் குறைவுதான் காரணம் என்பது 1937இல்தான் தெளிவானது. சோளனில் நியாசின் இருந்தாலும் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிக்கோ நாட்டவர் மணியைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், ஐரோப்பியர் மணியை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை மறந்துவிட்டார்கள். மீனும் பருப்பும் உண்ணும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொலென்டாவால் எந்த ஆபத்தும் இல்லை.

மிஞ்சியதை எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் பூசிய தட்டில் விரல் தடிப்புக்குப் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை தொதல் போல இறுகியிருக்கும். துண்டுகளாக வெட்டி, தாச்சியில் தேங்காயெண்ணெயைக் காயவைத்து, இரு பக்கமும் பொன்னிறமாக மொறுமொறுப்பு ஏறும்வரை அசைக்காமல் பொரிக்க வேண்டும். அவசரப்பட்டுப் புரட்டினால் உடைந்து போகும். முதல் நாள் இறால் போட்டுத் தந்ததை அரைமனத்தோடு சாப்பிட்ட என் இளைய மகன், அடுத்த நாள் காலையில் இந்தத் துண்டுகள் ஆறைக் கட்டைச் சம்பலோடு தின்றுவிட்டுப் பாடசாலைக்குப் போனான்.